டக்கர் வீட்டுச் சம்பந்தம்

என் வீட்டுக்காரரின் பெயர் தங்கமணி. ஆனால் தங்கமணி என்று கூப்பிட்டால் மனிதர் திரும்பிப் பார்க்க மாட்டார். டக்கர் என்று கூப்பிட வேண்டும். ரங்கூன் தாகேதாவில் எங்கள் சந்து முழுக்க அவர் ‘ஊ டக்கர்’தான். பர்மாக்காரர்கள் மரியாதைக்காக ஆண்கள் பெயருக்கு முன்னால் ஓர் ‘ஊ’ போடுவார்கள். ஓர் ஊவும் ஒரு டக்கரும் காதில் விழுந்துவிட்டால் இவர் அன்றைக்குச் சோறுகூடக் கேட்க மாட்டார், வயிறு தானாக நிறைந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து வருகிற வீடியோ கேசட்டுகளில் டக்கர் என்றால் பிரமாதம் என்று அர்த்தமாம். அதையும் தன்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்.

டக்கர் என்பது ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயர். அது எங்கள் வீட்டில் எப்படி வந்து குடியேறியது என்று கேட்டால் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அது ஒரு பெரிய வரலாறு” என்று ஆரம்பிப்பார். பெரிய வரலாறெல்லாம் ஒன்றும் இல்லை. நான் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேன்.

இவருடைய தாத்தா வேலப்பன், வெள்ளைக்காரன் காலத்தில் ரங்கூனில் ஒரு மர வியாபாரத் துரையின் வீட்டில் வேலை பார்த்தார். அந்தத் துரையின் பெயர் டக்கர். அப்போது போட்டாதாங்கில் ஒரே தெருவில் நாலு வேலப்பன்கள் இருந்தார்களாம். ஒருவர் கோவில் வேலப்பன், ஒருவர் கப்பல் வேலப்பன், ஒருவர் நொண்டி வேலப்பன், இன்னொருவர் டக்கர் துரை வீட்டு வேலப்பன். அந்த நாளில் யார் வீட்டில் வேலை பார்க்கிறோமோ அந்த வீட்டுப் பெயர்தான் ஆளுக்கு அடையாளம். நாளாக ஆக நடுவிலிருந்த ‘துரை’ உதிர்ந்தது. பிறகு ‘வீட்டு’ம் உதிர்ந்தது. மிச்சம் நின்றது டக்கர் வேலப்பன். யுத்தம் வந்தது, துரை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார், பெயரை மட்டும் எடுத்துப் போக மறந்துவிட்டார். மகன் டக்கர் வேலப்பன் மகன் ஆனார். பேரன் டக்கர் தங்கமணி ஆனார். அடையாள அட்டை எழுதுகிற இடத்தில் பெயர் என்னவென்று கேட்டபோது இவர் முழுசாகச் சொல்ல, அந்த அதிகாரியும் பர்மிய எழுத்தில் முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டார். கவர்மெண்டே ஒத்துக்கொண்ட பிறகு நாம் யார் மறுக்க?

தாத்தா அங்கே என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறும். பக்கத்து வீட்டு அய்யூப் பாயிடம் சொல்லும்போது மேனேஜர். கோவிலில் சொல்லும்போது ஹெட்கிளார்க். கல்யாண வீட்டில் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, “துரைக்கு ரைட் ஹேண்ட். அண்ணன் தம்பி மாதிரின்னு வெச்சுக்குங்களேன்” என்பார். அண்ணன் தம்பி மாதிரியா, அண்ணன் தம்பியேவா என்று கேட்பவர்கள் யோசிக்கட்டும் என்று வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு இந்தப் பைத்தியமே பிடிபடவில்லை. என் அம்மா பர்மாக்காரி. அவள் பெயர் டோ தின் மியா. டோ என்பது பெண்களுக்குப் போடுகிற ஊ. அவள் அப்பா ஊ பா ஜி, அவருக்கு அப்பா ஊ ஷ்வே. ஒருத்தர் பெயர் இன்னொருத்தரிடம் ஒட்டாது. பிறந்த கிழமையைப் பார்த்து ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள், செத்தால் அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளைகள் தலையில் பெயரை ஏற்றிவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் அம்மா பக்கம் கிடையாது. “பேருதான் பெத்த பேரு, தாகத்துக்குத் தண்ணி கிடையாது” என்று நான் அடிக்கடி சொல்வேன். இவர் காதில் விழாத மாதிரி பேப்பரைப் புரட்டுவார்.

இதெல்லாம் வீட்டோடு இருந்தவரை சிரிப்பாகத்தான் இருந்தது. எங்கள் மகள் ராதாமணியின் கல்யாணத்தில் வந்து அது காலை நீட்டியபோதுதான் எனக்கு எரிச்சல் வந்தது.

ராதாமணிக்கு அப்போது இருபத்தைந்து வயது. ரெடிமேட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே பெண். தைப்பூசத்தன்று கோவில் அன்னதானத்தில் சாம்பார் வாளி தூக்கப் போன இடத்தில் கோபிகிருஷ்ணனைப் பார்த்திருக்கிறாள். அவன் சோற்றுக் கூடை தூக்கியிருக்கிறான். நல்ல பையன். இன்யா ஏரிக்கரைப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. இங்கிலீஷ் நன்றாகப் பேசுவான். அவன் அம்மா கனகாம்பாள், புருஷன் போன பிறகும் ஊரின் மறுகோடியில் அலோனில் தன் மாமனார் காலத்து லாண்டரியைத் தனியாளாக நடத்தி அவனை ஆளாக்கியவள். தலைமுறை தலைமுறையாக டோபி வேலைதான்.

மாசி மாதம் அந்த அம்மாள் தாம்பாளத்தில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வைத்து முறையாகப் பெண் கேட்டு வந்தாள். இவர் தாம்பாளத்தைப் பார்த்தார், தாம்பாளத்தில் விரித்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். “டக்கர் வீட்டுப் பொண்ணு டோபி வீட்டுக்குப் போற வழக்கம் இல்லீங்க” என்றார். ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு முன்னால் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கனகாம்பாள் கத்தவில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னாள்: “தனபாக்கியம், என் மகன் உன் பொண்ணு மேல உசிரா இருக்கான். அதுக்காக ஆனி முடிய பொறுத்துக்கிறேன். ஆடி பொறந்துச்சுன்னா பெகுவில ஒரு பொண்ணு பார்த்து வெச்சிருக்கேன், ஆவணியில முடிச்சிருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.” சொன்னால் செய்கிறவள் என்று அவள் நடையைப் பார்த்தாலே தெரியும்.

அன்றிலிருந்து ராதாமணி அப்பாவிடம் தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டாள். அழவில்லை, பட்டினி கிடக்கவில்லை. பர்மிய மொழிக்கு மாறிவிட்டாள், அவ்வளவுதான். அதுவும் வீட்டுப் பர்மிய மொழி இல்லை, ஆபீசில் அதிகாரியிடம் பேசுகிற மாதிரி. இவர் “தண்ணி கொண்டாம்மா” என்றால் “ஹோகே ஷின்” என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்வாள். சரிங்க ஐயா என்று அர்த்தம். ரேஷன் ஆபீசர்கூட அந்த மரியாதையைத் தாங்க மாட்டார். இவர் நாலே நாளில் இளைத்துப் போனார், ஆனால் பிடிவாதம் இளைக்கவில்லை.

கோபியும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவான். கோவில் பிரசாதம், இல்லாவிட்டால் அய்யூப் பாய் கடையில் ஏதோ வாங்க வந்தேன் என்பான். அலோனில் கடையே இல்லாத மாதிரி. இவர் அவனை வாசல் பெஞ்சியில் உட்கார வைத்து டக்கர் வம்சத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். நடுநடுவே குத்துவார். “கிட்ட வராதேப்பா, என் சட்டை சாயம் போயிடும்” என்பார். “கைய மோந்து பார்த்தா சோப்பு வாசனை வருதே, இதென்ன பரம்பரை சென்ட்டா?” என்பார். பையன் சிரித்துக்கொண்டே இருப்பான். அப்படிச் சிரிக்கிறானே, ரோஷமே இல்லையா என்று எனக்கு அவன்மேலும் கோபம் வரும்.

ஆனி பிறந்தது. மழை கொட்டுகிறது. எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். ஒரு சாயங்காலம் கோபி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“மாமா, எங்க ஹோட்டல்ல ஒரு டக்கர் வந்து இறங்கியிருக்காரு!”

ஹோட்டலில் துணி வெளுக்கப் போடுகிறவர்கள் ஒரு சீட்டில் பெயரும் அறை எண்ணும் எழுதிப் போடுவார்களாம். நாலு சட்டை, இரண்டு பேண்ட், பெயர் டக்கர் என்று ஒரு சீட்டு வந்திருக்கிறது. இவன் சட்டைகளைத் தேய்த்துத் தானே எடுத்துக்கொண்டு போய் அந்த வெள்ளைக்காரரின் கதவைத் தட்டி, ஐயா, எங்கள் ஊரிலும் ஒரு டக்கர் குடும்பம் உண்டு என்று சொல்லியிருக்கிறான். அவர் ரிட்டையரான பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு உலகத்தில் எங்கெங்கே டக்கர் இருக்கிறார்கள், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடுவதுதான் வேலையாம். துள்ளிக் குதித்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

பையனின் கணக்கு எனக்குப் புரிந்தது. மாமனாருக்குப் பிடித்த பொம்மையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் மனசு இளகும் என்று பார்த்திருக்கிறான். ஆனி முடியப் பதினாலு நாள்தான் இருந்தது.

இவருக்கு அப்புறம் கால் தரையில் பாவவில்லை. வெளிநாட்டு ஆள் வந்தால் சொல்ல வேண்டும் என்பதால் வார்டு ஆபீசுக்குப் போய், “லண்டனிலிருந்து என் சொந்தக்காரர் வருகிறார்” என்று எழுதிக் கொடுத்தார். சந்து முழுக்க அழைப்பு. அய்யூப் பாய் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி, மேஜைவிரிப்பு, பீங்கான் கோப்பை எல்லாம் வந்தன. அய்யூப் பாய் ஒரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். “ஊ டக்கர், வர்றவரு உங்களை லண்டனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா என் கடை பாக்கியை யாரு குடுப்பா?” என்றார். அவர் மனைவி நபீஸா, மீன் சாற்றில் சேமியா போட்ட மொஹிங்கா செய்ய எனக்கு ஒத்தாசைக்கு வந்தாள், வந்த நேரத்திலிருந்து சிரித்துக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோபி அந்த வெள்ளைக்காரரை டாக்சியில் கூட்டி வந்தான். சந்து முனையில் இறங்கி, இரண்டு பேரும் தண்ணீரில் நடந்தே வந்தார்கள். எழுபது வயசிருக்கும். ஒல்லியான, நெட்டையான, சிவந்த மனிதர். காலில் ரப்பர் செருப்பு. இவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். ஆனி மாதத்துப் புழுக்கத்தில் கோட்டு! வேர்த்து ஊற்றுகிறது. இரண்டு டக்கர்களும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கூடத்தில் பதினைந்து பேர், ஜன்னலில் இன்னும் பத்துப் பேர்.

இவருடைய இங்கிலீஷ் எஸ், எஸ், வெரி குட், ப்ளீஸ் சிட் என்ற அளவுதான். அதற்கு மேல் கோபிதான் இரண்டு பக்கமும் பேச வேண்டும். இவர் அவனைப் பெஞ்சியிலிருந்து எழுப்பித் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். நாலு மாசத்தில் அவன் எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

வெள்ளைக்காரர் மொஹிங்காவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, உங்களுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டார். “தாத்தா டக்கர் துரைக்கு ரைட் ஹேண்டா இருந்தாருன்னு சொல்லு” என்றார் இவர். கோபி ஏதோ சொன்னான். வெள்ளைக்காரர் ஒரு நோட்டை எடுத்துக் கவனமாக எழுதிக்கொண்டார்.

“சரி, டக்கர்னா என்ன அர்த்தம், அந்த வம்சம் எப்படி வந்துச்சுன்னு கேளு. எல்லாரும் கேக்கட்டும்” என்றார் இவர், கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு.

கோபி கேட்டான். வெள்ளைக்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். பேசப் பேசக் கோபியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. இவனும் ஏதோ கேட்கிறான், அவர் பதில் சொல்கிறார், இவன் கையால் ஏதோ காட்டுகிறான், அவர் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். ஒரே ஊர்க்காரர்கள் சந்தையில் சந்தித்த மாதிரி இரண்டு பேரும் பத்து நிமிஷம் விடாமல் பேசினார்கள். நாங்கள் பதினைந்து பேரும் கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“என்னப்பா சொல்றாரு?” என்று இவர் அவன் முழங்கையை இடித்தார்.

கோபி திரும்பினான். இவருடைய கோட்டைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது.

“அவங்கல்லாம்... பெரிய ஜவுளி வியாபாரிங்களாம் மாமா. எழுநூறு வருஷத்துக்கு முந்தி. ராஜா வீட்டுக்கெல்லாம் துணி குடுத்தவங்களாம்.”

கூடத்தில் ஒரு ‘ஆ’ எழுந்தது. இவர் நாற்காலியில் இரண்டு அங்குலம் உயர்ந்தார். “நான் சொல்லல?” என்று என்னைப் பார்த்தார். நான் கோபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் சந்தோஷப்படுவதைப் பார்த்ததும் வெள்ளைக்காரருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. வாத்தியார் அல்லவா, விளக்காமல் விடுவாரா? எழுந்து நின்றார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். மூலையில் துவைக்கப் போட்டிருந்த என் படுக்கைவிரிப்பை எடுத்துத் தரையில் போட்டார். அதன்மேல் ஏறி நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வலது கால், இடது கால், வலது கால், இடது கால் என்று மிதிக்க ஆரம்பித்தார். பிறகு குனிந்து ஓரத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி மிதித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்றம் தாங்கவில்லை என்று சாடை காட்டினார். கடைசியில் நிமிர்ந்து, தன் நெஞ்சைத் தொட்டு “டக்கர்!” என்றார். பிறகு என் வீட்டுக்காரரின் நெஞ்சைத் தொட்டு மறுபடி “டக்கர்!” என்றார்.

ரங்கூனில் அந்த மிதியைப் பார்த்தால் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்? சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“யா அல்லாஹ்!” என்றார் அய்யூப் பாய். “இது நம்ம கனகாம்பாள் லாண்டரித் தொட்டியில நடக்கிற வேலைல்ல?”

நபீஸா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். ஜன்னலில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? வயிறு வலிக்கச் சிரித்தேன். ராதாமணி மட்டும் சிரிக்கவில்லை.

இவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “கோபி, உள்ளது உள்ளபடி சொல்லு. அவரு என்ன சொன்னாரு?” என்றார்.

கோபி எழுந்து நின்று சொன்னான். தறியிலிருந்து இறங்கின கம்பளித் துணி எண்ணெயும் பிசுக்குமாக இருக்குமாம். அதைத் தொட்டியில் போட்டு, ஒரு மாதிரிக் களிமண்ணும் புளித்துப்போன மூத்திரமும் ஊற்றி, நாள் முழுக்க மிதித்து வெளுப்பார்களாம். மிதித்தால்தான் துணி சுத்தமாகி இறுகுமாம். அந்த வேலை செய்தவர்களுக்கு அவர்கள் சீமையின் தென்மேற்கில் டக்கர் என்று பெயராம். வடக்கே வாக்கர், வேறு பக்கம் ஃபுல்லர். மூன்றும் ஒரே வேலைதான். பிறகு தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடுகிற ஆலைகள் வந்து மிதிக்கிற வேலை போய்விட்டதாம். பெயர் மட்டும் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டதாம்.

“அந்தப் பேரோட மூல வார்த்தைக்கே போட்டுப் படுத்தறதுன்னுதான் அர்த்தமாம்” என்று முடித்தான்.

அது ஒன்று மட்டும் எனக்கு முன்பே தெரியும்.

“களிமண்ணுன்னு சொன்னேன்ல, நாங்க வெளுக்கப் போடற உவர்மண்ணு, அதைத்தான் அவங்களும் வேற பேர்ல போட்டிருக்காங்க” என்று கோபி தன்னை மறந்து சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

வெள்ளைக்காரருக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. போகும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் குலுக்கினார். ஏதோ சொன்னார். கோபி மெதுவாகத் தமிழில் சொன்னான்: “பேரு செஞ்ச வேலையிலேர்ந்து வந்துச்சு, உங்க தாத்தாவுக்கும் அப்படித்தானே வந்துச்சு, அதனால நீங்க அசல் டக்கர்தான்னு சொல்றாரு.” இவர் தலையை ஆட்டினார். எஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

கோபி அவரை டாக்சி ஏற்றிவிட்டு, நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க உதவலாம் என்று திரும்பி வந்தான். கூட்டம் கலைந்திருந்தது. இவர் கோட்டைக் கழற்றாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ஏண்டா பொய் சொன்னே?” என்றார். “என்னைக் காப்பாத்தவா? உன் தயவு எனக்கு எதுக்கு?”

“உங்களுக்காகச் சொல்லல மாமா.”

“அப்புறம்?”

கோபி கையில் எடுத்த நாற்காலியைக் கீழே வைத்தான். பிறகு ஒரேயடியாகப் பேசினான். நாலு மாசத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. “அவரு என் தொழிலைத்தான் சொன்னாரு. எங்க தாத்தா செஞ்ச வேலை, எங்க அம்மா இன்னும் செய்யற வேலை. இங்கிலீஷ்ல பேசற வரைக்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. தமிழ்ல சொல்லணும்னு உங்க பக்கம் திரும்பினதும் வாயே வரல. எனக்கே வெட்கமாப் போச்சு. அந்த வெட்கம் எங்க வீட்டில கிடையாது மாமா. இந்த வீட்டு வாசல் பெஞ்சியில உட்கார்ந்துதான் கத்துக்கிட்டேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான். ராதாமணி வாசல் வரை ஓடினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அங்கேயே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். மாசியிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். பெற்ற வயிறு, எனக்குத் தாங்கவில்லை. “இப்ப குளிர்ந்துச்சா உங்களுக்கு?” என்று இவரைப் பார்த்துக் கத்தினேன். ரோஷமில்லாதவன் என்று நான் நினைத்த பையனுக்கு எவ்வளவு ரோஷம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கே உறைத்தால் இவருக்கு உறைக்காமலா இருக்கும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. ஆனி முடிய நாலே நாள். இவர் காலையிலிருந்து கூண்டில் போட்ட புலி மாதிரி நடந்தார். வாசல் பெஞ்சியைப் பார்ப்பார், உள்ளே வருவார். அய்யூப் பாய் அந்தப் பக்கம் போனவர், “ஊ டக்கர், சௌக்கியமா?” என்றார். “தங்கமணின்னே கூப்பிடுங்க பாய்” என்றார் இவர். அய்யூப் பாய் பயந்துபோய், காய்ச்சலா என்று என்னிடம் வந்து விசாரித்தார்.

திங்கட்கிழமை காலை இவர் வேலைக்குப் போகவில்லை. “கிளம்பு, அலோனுக்குப் போகலாம்” என்றார். பெண் வீட்டுக்காரன் தானே நடந்து போய்ப் பெண் கொடுக்கிறேன் என்று நிற்பது எங்கள் ஜனங்களிடம் கிடையாது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர்தான் இவர், ஆனால் எடுத்து வெளியே போடவும் அவரேதான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பின்னாலேயே கிளம்பினேன். பஜுண்டாங் ஓடைப் பாலம் தாண்டி, லைன் கார் என்கிற பஸ் இரண்டு மாறி, அலோனில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

மழைக்காலத்தில் லாண்டரி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? வெளியே காயப்போட வழியில்லை. கூரைக்கடியில் கயிறு கயிறாகக் கட்டி, படுக்கை விரிப்பும் சட்டையும் லுங்கியும் தொங்குகின்றன. எல்லாம் ஈரம். இவர் குனிந்து, நிமிர்ந்து, ஒவ்வொரு ஈரத்துணியாக விலக்கிக்கொண்டு உள்ளே போனார். முகமெல்லாம் நனைந்துவிட்டது. ஒரு மாசத்துக்கு முன்னால் என்றால் சாயம் போய்விடும் என்று ஏதாவது சொல்லியிருப்பார்.

கடைசியில் கனகாம்பாள் கரி இஸ்திரிப்பெட்டியால் ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்தாள், பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“யாரு, டக்கர் துரைங்களா? துணி போட வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?”

“பொண்ணு குடுக்க வந்தேம்மா” என்றார் இவர். “உங்க மகனுக்கு. அன்னிக்கு நான் பேசினது தப்பு.”

கனகாம்பாள் காலரைத் தேய்த்தாள். “குடுக்கறேன்னு வந்தா வாங்கிக்கணுமா? நாங்களும் விசாரிக்கணுமில்ல. பெகுக்காரங்க வெள்ளிக்கிழமை வர்றாங்க.” அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள். “உங்க வம்சத்தைப் பத்தி ஊரெல்லாம் சொல்றாங்க. சரி, நானும் ஒண்ணு கேக்கறேன். உங்க தாத்தா அந்தத் துரை வீட்டில என்ன வேலை பார்த்தாரு?”

எனக்கு இவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. இருபத்தேழு வருஷத்து வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு மேனேஜர் கேட்டிருக்கிறேன், ஹெட்கிளார்க் கேட்டிருக்கிறேன், ரைட் ஹேண்ட் கேட்டிருக்கிறேன். இப்போது என்ன வரப் போகிறதோ, மறுபடி என் பெண்ணின் தலையில் மண்ணைப் போட்டுவிடப் போகிறாரோ என்று மாரியம்மாவை வேண்டிக்கொண்டேன். பின்பக்கத் துணிகளுக்கு நடுவே கோபி கூடையோடு வந்து நின்றதை அவர் பார்க்கவில்லை.

“பூட்ஸ் தொடைச்சாரு” என்றார் இவர். “பூட்ஸ் தொடைச்சாரு, ராத்திரி துரை கை கழுவறப்ப துண்டு பிடிச்சாரு. துரை சாப்பிட்டு மிச்சம் வெச்சதைப் பொட்டலம் கட்டிக்கிட்டு வருவாரு. அதைத் தின்னுதான் எங்கப்பா வளந்தாரு. எங்கப்பா சாகறதுக்கு முந்தி என்கிட்ட மட்டும் சொன்னாரு. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, இவகிட்டகூட.”

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதைச் சொல்லியிருந்தால் நான் என்ன தலையையா எடுத்திருப்பேன், பைத்தியக்கார மனுஷா என்று நினைத்தேன்.

கனகாம்பாள் சட்டைக்குத் திரும்பினாள். கிண்ணத்திலிருந்து தண்ணீர் தெளித்தாள், அதன் கையை நீட்டித் தேய்த்தாள், சட்டையை மடித்து அடுக்கில் வைத்தாள். பிறகுதான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“பரவாயில்ல, உக்காருங்க சம்பந்தி” என்றாள். “எங்க வீட்டில அதெல்லாம் பார்க்கிறதில்ல.”